மாணவர் போதைத் தடுப்பு: மஞ்சக்குடி காட்டிய வழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி, கல்லூரிகளில் மாணவர்கள் வரிசையாக நின்று போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கும் படங்கள் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் தங்கள் நாளிதழில் வருகின்றன. இன்னொரு நாள் இன்னொரு பக்கத்தில், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர் இறந்த செய்தி வருகிறது. உறுதிமொழிக்கும் மரணத்துக்கும் நடுவே செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று தமிழ்நாட்டிலேயே ஒரு நிறுவனம் 40 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து காட்டியிருக்கிறது. மாணவர்களுக்காக அரசும் தொண்டு நிறுவனங்களும் இப்போது போடும் திட்டங்களில் அந்த அனுபவம் போதிய அளவு எடுத்துக்கொள்ளப்படவில்லை என்ற கவலையில் இதை எழுதுகிறோம்.

சென்னை அடையாறை அடுத்த இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனையைத்தான் சொல்கிறோம். அதை நடத்துவது டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன். கணவர் ரங்கநாதன் குடிநோயால் இளவயதிலேயே இறந்த பின் சாந்தி ரங்கநாதன் 1980-ல் அதைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே ஊர் பார்த்த காலம் அது. குடிப்பவரைக் கோயிலில் சத்தியம் செய்ய வைப்பார்கள். முடியாவிட்டால் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் வேறு வழி இல்லை. 1981-ல் சாராயக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1985-ல் மத்திய அரசு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தொண்டு நிறுவனங்கள் சிகிச்சை மையம் நடத்துவதற்கு மத்திய அரசு மானியம் தரத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். அந்தப் பின்னணியில் 1987-ல் இந்திரா நகரில் மருத்துவமனை எழுந்தது. சாந்தி ரங்கநாதனுக்கு 1992-ல் பத்மஸ்ரீயும், 1999-ல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தன.

விருதுகளை விடப் பெரிதாக நாங்கள் நினைப்பது, அங்கே வேரூன்றிய இரண்டு வழக்கங்களை. குடிப்பவருக்குச் சிகிச்சை தரும்போதே அவர் மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் கொடுப்பது ஒன்று. வீடு திரும்பிய பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்பை விடாமல் வைத்திருப்பது மற்றொன்று.

குடும்பத்துக்கு ஏன் சிகிச்சை என்று இன்றும் கேட்கிறார்கள். மகன் வாங்கிய கடனை அப்பா அடைக்கிறார். மட்டம் போட்ட நாளுக்கு, காய்ச்சல் என்று அம்மா பள்ளிக்குக் கடிதம் கொடுக்கிறார். அக்கம்பக்கம் தெரியக்கூடாதென்று அக்கா கதவைச் சாத்துகிறாள். எல்லாமே பாசத்தில் செய்வதுதான். ஆனால், போதையால் வரும் எந்த விளைவும் அந்தப் பையன் மேல் படாமல் போய்விடுகிறது. அவன் நிறுத்துவதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. இன்னொரு பக்கம், ஒரு மாதம் சுத்தமாக இருந்து வீடு திரும்புகிறவனை வாசலிலேயே வாயை ஊதச் சொல்கிறார்கள். பணம் காணாமல் போனால் முதல் சந்தேகம் அவன் மேல்தான். இதையெல்லாம் வீட்டாருக்குச் சொல்லித் தராமல் நோயாளியை மட்டும் திருத்தி அனுப்பினால், அவன் பழைய வீட்டுக்கே, பழைய சண்டைக்கே திரும்புகிறான்.

மருத்துவமனைக்கு வர வசதியில்லாத கிராம மக்களுக்காக 1989-ல் மஞ்சக்குடியில் முகாம் தொடங்கியது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994-ல் அடிக்‌ஷன் என்ற சர்வதேச மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார். முகாம் என்றதும் காலையில் பந்தல் போட்டு மாலையில் பிரிக்கும் நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும். இது 15 நாள் தங்கி எடுக்கும் சிகிச்சை. ஊரில் மதிப்புள்ள ஓர் அமைப்பு இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்கும். மருத்துவர், செவிலியர், ஆலோசகர் குழு வெளியிலிருந்து வரும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத வேலைதான் அதிகம். முகாமுக்குப் பல வாரம் முன்பே வீடு வீடாகப் போய் ஆட்களைப் பேசி வைக்க வேண்டும். வர ஒப்புக்கொண்டவர்களை மருத்துவர் பரிசோதித்து வடிகட்ட வேண்டும். குடியை நிறுத்தியபோது முன்பு வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலையோடு வயிறு வீங்கியவர், ரத்த வாந்தி எடுத்தவர், காதில் குரல் கேட்கிறது என்பவர் ஆகியோரை முகாமில் வைத்துப் பார்க்கக்கூடாது. மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் நடுக்கம், காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல் வரலாம். இது உயிரைப் பறிக்கும். அதனால்தான் முதல் சில நாட்களுக்கு குளோர்டயஸெப்பாக்ஸைடு போன்ற மருந்தைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் அவசியம். பல ஊர்களில் தப்பு நடப்பது இங்கேதான். சோர்ந்து கிடப்பவருக்கு முதலில் குளுக்கோஸ் ஏற்றிவிடுகிறார்கள். உடம்பில் தயமின் காலியாக இருக்கும்போது குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு என்ற இந்த ஒரு வரியை ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

உடம்பு தெளிந்த பிறகுதான் குழுப் பேச்சு, தனி ஆலோசனை, குடும்பத்தார் சந்திப்பு எல்லாம். முகாமின் பெரிய பலம், ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து சிகிச்சை பெறுவது. முகாம் முடிந்ததும் அவர்கள் பிரிந்து போய்விடுவதில்லை. டீக்கடையிலும் வயலிலும் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் சறுக்கினால் மற்றவருக்கு அன்றே தெரியும். தொடர் சந்திப்பையும் அதே ஊரிலேயே வைக்கலாம். கூலியை விட்டுப் பேருந்தில் வர வேண்டியதில்லை. மீண்டும் குடிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் 3 மாதத்துக்குள் சறுக்குகிறார்கள். ஆகவே அந்த 3 மாதம் விடுபட்டால் 15 நாள் செலவும் உழைப்பும் வீண்.

இனி மாணவர்கள் விஷயம். பெரியவர்களுக்குச் செய்ததை அப்படியே சிறுவர்களுக்குச் செய்ய முடியாது. 14, 15 வயதில், ஆலோசகர்களான எங்களிடம் அழைத்து வரப்படுபவர்களில் பெரும்பாலோர் இன்னும் அடிமை நிலையை எட்டாதவர்கள். கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா இழுப்பவன், கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை வாயில் அதக்குபவன், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் நனைத்து முகர்பவன் எல்லோரையும் ஒரு மாதம் அடைத்து வைப்பது சிகிச்சை ஆகாது. படிப்பு போகிறது, பெயர் கெடுகிறது. பெரியவர்களோடு சேர்த்து வைத்தால் தெரியாத போதைகளையும் தெரிந்துகொண்டு வெளியே வருகிறான்.

முதலில் தேவை, பள்ளியிலேயே கேட்டுப் பார்த்து இனம் காண்பது. அதற்கு கிராஃப்ட் என்ற எளிய கேள்வித்தாள் இருக்கிறது. 12 முதல் 21 வயது வரை பயன்படும். போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் போனாயா, மனம் இளகுவதற்காகப் பயன்படுத்துகிறாயா, தனியாக இருக்கும்போதும் உண்டா, செய்தது மறந்துபோகிறதா, வீட்டாரோ நண்பரோ குறைக்கச் சொன்னார்களா, வம்பில் மாட்டினாயா என்ற ஆறு கேள்விகள். இரண்டுக்கு ஆம் என்றால் விரிவாகப் பார்க்க வேண்டும். கேட்பவர் யார் என்பது முக்கியம். வகுப்பாசிரியர் கேட்டால் உண்மை வராது. சொன்னது தலைமையாசிரியர் காதுக்குப் போகாது, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பையன் வாய் திறப்பான். பையில் பொட்டலம் கிடைத்தது என்று ஒரு மாணவனைப் பள்ளியை விட்டு நீக்கினால், அவன் மேல் கண் வைத்திருக்கும் கடைசி ஆளையும் எடுத்துவிடுகிறோம். நீக்காமல் வைத்திருந்து சிகிச்சைக்கு அனுப்பும் பள்ளிகளைத்தான் பாராட்ட வேண்டும்.

இனம் கண்டபின் ஒவ்வொரு பொருளுக்கும் ஆபத்து வேறு. சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர் முகர்பவனுக்கு மூக்கு, வாயைச் சுற்றிப் புண் இருக்கும். சட்டையில் ரசாயன வாடை அடிக்கும். முகர்ந்துகொண்டிருக்கும்போது அவனை அதட்டுவதோ துரத்துவதோ கூடாது. அந்த நேரத்தில் பதறி ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே இறந்துபோகலாம். நிதானமாகப் பேசிக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வைக்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களை விடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இதுதான்: 10 முதல் 17 வயதினரில் 1.7 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். ஆனால், நமது பிரச்சாரச் சுவரொட்டிகளில் மதுப் புட்டியும் சிகரெட்டும்தான் இருக்கின்றன. பஞ்சர் கடையும் ஸ்டேஷனரிக் கடையும் யார் கண்ணிலும் படுவதில்லை.

வலி மாத்திரை ஊசி இன்னும் கொடியது. டேபென்டடால் போன்ற மாத்திரை விழுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மருந்தைக் கட்டிவைக்கும் மாவுப் பொருள் உண்டு. ஊசி வழியே போகும் அந்த மாவு சிறு ரத்தக் குழாய்களை அடைக்கிறது. விரல் கறுக்கிறது, கை சீழ் பிடிக்கிறது, சிலருக்குக் கையையே எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றுகின்றன. நிறுத்தியதும் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல் வரும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். குடியை நிறுத்தும்போது வரும் வலிப்பைப் போல இது பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து பிறகுதான் வருகிறது. சில வாரம் நிறுத்தியவன் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் வாரத்தில் பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். இதைப் பையனுக்கும் வீட்டாருக்கும் வெளியே அனுப்பும் நாளில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மையங்கள் பல சொல்வதில்லை. மீண்டும் போடச் சொல்லிக்கொடுப்பது போலாகிவிடுமாம். சொல்லாமல் விட்டதால் போகும் உயிர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். குறட்டை போல மூச்சு இழுத்து, உதடு நீலம் பாரித்து, தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-க்கு அழைக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நேரத்தைக் கழிக்கக்கூடாது.

பெற்றோர் ஏமாறும் இரண்டு இடங்களையும் சொல்லியாக வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று சுவரிலும் பேருந்திலும் விளம்பரம் ஒட்டுகிறார்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்தைத் தெரியாமல் கலந்து கொடுத்து, மேலே மதுவும் சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிர் போகும் நிலை வரும். அந்த மருந்து, எடுப்பவருக்கு எல்லாம் தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால் மட்டுமே பலன் தரும். மற்றது, அடித்துத் திருத்தும் மறுவாழ்வு மையங்கள். 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் போதை நோய்க்கும் பொருந்தும். அதன்படி 18 வயதுக்கு உட்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்க்க இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத்தான் தங்க வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் அமர்த்தியவரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது யாருக்குமே தடை. ஆகவே, ஒரு மாதத்துக்குப் பையனைப் பார்க்கக் கூடாது என்று எந்த மையம் சொல்கிறதோ, அந்த வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடுங்கள்.

தடுப்பு வேலையில் நாம் செய்வது எதுவோ, அதுதான் பலனில்லை என்று ஆய்வுகள் சொல்வது. ஐ.நா. போதைப் பொருள் அலுவலகம் 2013-ல் வெளியிட்டு 2018-ல் புதுப்பித்த தடுப்பு நெறிமுறைகளைப் படித்துப் பார்க்கலாம். ஒருநாள் சொற்பொழிவு, பயமுறுத்தும் படம், மீண்டவர் மேடையேறிக் கதை சொல்வது, காவலர் வந்து பாடம் எடுப்பது எல்லாம் பலன் இல்லாதவை, சில நேரம் எதிர்விளைவு தருபவை என்ற பட்டியலில் இருக்கின்றன. நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், தினமும் இழுத்தும் நன்றாக ஓடியாடும் அண்ணனைப் பார்க்கும் மாணவன் பாடம் எடுத்தவரை நம்புவதை நிறுத்திவிடுகிறான். பலன் தருவது, பயிற்சி பெற்றவர் வாரம் ஒன்றாக 10 முதல் 15 வகுப்புகள் எடுத்து, அடுத்த ஆண்டுகளிலும் நினைவூட்டல் வகுப்பு வைப்பது. அதில் பேசுவதை விடப் பழகிப் பார்ப்பதுதான் அதிகம்: கூட்டாளி நீட்டும்போது நட்பு கெடாமல் மறுப்பது எப்படி, கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பன போன்றவை.

ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். அங்கே மாணவர்களிடம் பெயர் கேட்காமல் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். முடிவை அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் விரைவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்குக் குழந்தைக்கு இவ்வளவு என்று நகராட்சி பணம் கொடுத்தது. பெற்றோர் சங்கங்கள் இரவு வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு வைத்து, அதைத் தாங்களே கண்காணித்தார்கள். சிறிய, பணக்கார நாடு என்பது உண்மை. ஆனால், பெயரில்லாத கணக்கெடுப்பைக் குறைந்த செலவில் ஒரு மாவட்டத்தில் நம்மாலும் நடத்த முடியும். பச்பன் பசாவோ ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில், சிறுவர்களின் போதைப் பழக்கம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தேசியக் கணக்கெடுப்பு கேட்டதும், அளக்காமல் திட்டம் போட முடியாது என்பதால்தான்.

அரசு மருத்துவமனைகளில் 2025-ல் கலங்கரை என்ற பெயரில் 25 சிகிச்சை மையங்கள் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். படுக்கை, மருந்து, மருத்துவர் என்று கணக்கு போட்டாயிற்று. பையன் வீடு திரும்பிய பிறகு அவனைத் தேடிப் போகும் ஆலோசகருக்கும் அதில் இடம் வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் தொடர்கவனிப்புக்கென்றே இரண்டு ஆலோசகர்களை நியமித்து, அவர்களுக்குப் பயணப்படியும் கைபேசியும் கொடுத்து, முதல் 3 மாதம் வாரம் ஒருமுறை, பிறகு ஓராண்டு வரை மாதம் ஒருமுறை வீட்டிலோ பள்ளிக்கு வெளியிலோ சந்திக்கச் செய்ய வேண்டும். மையத்தின் வேலையை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அளப்பதை விட்டு, ஆறாவது மாதத்தில் எத்தனை பேர் பள்ளிக்கோ வேலைக்கோ போகிறார்கள், எத்தனை பேர் தொடர்பில் இருக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். சறுக்கி மீண்டும் வருபவனைத் தோல்விக் கணக்கில் எழுதவேண்டாம். தானாகத் திரும்பி வந்ததே தொடர்கவனிப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சிறுவர்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் சகமாணவர் வழித் தடுப்புத் திட்டத்தையும் இந்த மையங்களோடு இணைக்கலாம். இப்போது தடுப்பவர் ஒரு பக்கமும் சிகிச்சை தருபவர் ஒரு பக்கமும் வேலை செய்கிறார்கள். பள்ளியில் இனம் காணப்பட்ட பையனை எந்த மையத்துக்கு, யார் பெயரைச் சொல்லி அனுப்புவது என்றுகூடப் பல ஆசிரியர்களுக்குத் தெரியாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். போதை மாத்திரை பிடிபட்ட செய்தியில் மாத்திரையின் பெயர், ஓர் அட்டையின் கறுப்புச் சந்தை விலை, எதில் கரைப்பது என்பதெல்லாம் அச்சாகிறது. அந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் 14446 என்ற இலவச உதவி எண்ணையும், அந்த மாவட்டத்தில் சிகிச்சை கிடைக்கும் அரசு மருத்துவமனையின் பெயரையும், புறநோயாளிகளைப் பார்க்கும் கிழமையையும் போடுங்கள்.

இப்படிக்கு,
போதை நோய் சிகிச்சை, தடுப்புப் பணியில் இருக்கும் ஆலோசகர்கள்